சாமிக்கண்ணுவின் சண்டை அலமாரிகள்

இது நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சரி, முறைக்காதீர்கள், பால்காரர் கலக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் கலந்திருக்கிறேன், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

முத்தியால்பேட்டை சாமிக்கண்ணுவுக்குக் கோர்ட்டில் வேலை. சட்டப் புத்தக அறையைப் பெருக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், வக்கீல்கள் படித்துப் போட்டதைத் திரும்ப அடுக்க வேண்டும். அந்தப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நிலாவில் இருப்பவர் குனிந்தே எடுத்துக்கொள்ளலாம். அத்தனையும் பிரெஞ்சு, அவர்கள் ஆண்ட ஊராச்சே. சாமிக்கண்ணுவுக்கோ தன் பெயரிலேயே 'சா' வரைக்கும்தான் எழுத வரும், மிச்சத்துக்குக் கைநாட்டு.

அதனால் அவர் தன் வழியில் அடுக்கினார். வக்கீல் எந்தச் சண்டைக்காக எடுத்தாரோ அதுதான் அந்தப் புத்தகத்தின் வீடு. கிணற்றுச் சண்டைக்கு ஓர் அலமாரி, வரப்புச் சண்டைக்கு ஒன்று, மாடு மேய்ந்ததற்கு ஒன்று. பங்காளிச் சண்டைக்கு மூன்று அலமாரி. அதுவும் போதாமல் ஜன்னல் மேலேயும் கொஞ்சம். வக்கீல்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் புத்தகம் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கைமாற்றிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அஞ்சலாட்சி என்ற மில் தொழிலாளி, வக்கீல் தணிகாசலத்தோடு வந்து அறை வாசலில் நின்றாள். அவள் தெருவில் இருபது வீட்டுக்கும் ஒரே கிணறு. பக்கத்து நிலத்துக்காரர் பலராமன் அதைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டிவிட்டார்.

"பொதுக் கிணறுன்னு அந்தக் காலத்து கெசட்டுலயே உத்தரவு இருக்குது. கேட்டா, 'வெள்ளக்காரனே கப்பல் ஏறிட்டான், அவன் உத்தரவு மட்டும் இங்க எதுக்கு'ன்றாரு" என்றாள்.

"சட்டம் கப்பல் ஏறலம்மா, இன்னும் செல்லும்" என்றார் தணிகாசலம். "ஆனா நாளைக்கு ஜட்ஜு முன்னால அந்த கெசட்டக் காட்டணும். இல்லன்னா கிணறு போச்சு."

தணிகாசலம் பார்த்த பட்டியலில் உத்தரவு போட்ட வருஷத்து கெசட் இருந்தது. கிணற்று அலமாரியில் இல்லை. சாமிக்கண்ணு மூன்று தடவை கவிழ்த்துப் பார்த்தார். இருபது வீட்டுத் தண்ணீரை நாமே தொலைத்துவிட்டோமோ என்று பயந்தார். அவருக்கு வியர்த்த வியர்வையில் பிள்ளைச்சாவடிக் கட்டுமரம் நாலு மிதக்கும்.

"ஏம்மா, வாசல்ல நிக்காத. உள்ள வா" என்றார் சாமிக்கண்ணு.

"வக்கீலுங்க மட்டும்தான் வரணும்னாங்களே?"

"வந்தவங்க என்னத்தக் கிழிச்சாங்க? வக்கீல் முசே, உங்களச் சொல்லல. நீ சொல்லும்மா, இந்தக் கிணத்துக்காக முன்னால யாருனா கோர்ட்டுக்கு வந்தாங்களா?"

அஞ்சலாட்சி யோசித்தாள். "எங்க மாமியாரும் அவங்க ஓரகத்தியும் வந்தாங்க. யாரு மொதல்ல தண்ணி மொள்ளறதுன்னு. கொடத்தாலயே மண்டைய ஒடச்சிக்கிட்டாங்க."

"அடி ஆத்தே! ஓரகத்திங்கன்னா புருஷனுங்க அண்ணன் தம்பியாச்சே! அது கிணத்துக் கேசு இல்லம்மா, பங்காளிக் கேசு!"

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஜன்னல் மேலிருந்த மூன்றாவது கட்டை இறக்கித் தணிகாசலத்திடம் கொடுத்தார், அதற்குள் இருந்தது கெசட்.

அந்த வாரமே வேலி போனது. சாமிக்கண்ணு சும்மா இருக்கவில்லை. வக்கீல்களைக் கெஞ்சிக் கூத்தாடி அறை வாசலில் ஒரு பெஞ்சு போட்டார். கருவடிக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து உட்கார்ந்து சண்டையைச் சொன்னார்கள். அவர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தணிகாசலம் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். தங்கள் உரிமை என்ன என்று வாழ்நாளில் முதல்முறையாகத் தங்கள் காதாலேயே கேட்டவர்கள், கணக்குப் பார்த்தால், ஒரு லட்சம் பேர் இருக்கும்.

இத்தனை வருஷம் கழித்து இதை நான் அந்தக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து சொன்னதுதான் தப்பு. கேட்டுக்கொண்டிருந்த பலராமனின் மருமகன் இராமதாஸ் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"யோவ், எங்க மாமா வேலி போட்டது ஆடு மாடு உள்ள விழாம இருக்க!"

"ஆடு மாட்டுக்கு எதுக்குய்யா பூட்டு?" என்றாள் அஞ்சலாட்சியின் மகள் சின்னப்பாப்பா.

"உங்க ஆயா மட்டும் ஒழுங்கா? மண்டைய ஒடச்சவங்கதான?"

"மொதல்ல அடிச்சது அந்த ஓரகத்தி!"

"யாருடி சொன்னது?" அந்த ஓரகத்தியின் பேத்தி அமிர்தவல்லி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "எங்க ஆயா குடிச்சிட்டிருந்த தண்ணியத் தட்டிவுட்டது யாரு? வா இப்பிடி, சொல்றேன்!"