ரெண்டு ரெக்கைத் தட்டான்

நூறு நாள் வேலைக்குப் போகும் வைஜெயந்திக்குப் படித்த முட்டாள்களைக் கண்டால் ஆகாது. சோரியாங்குப்பம் பக்கத்துக் குட்டையை அழகுபடுத்த வந்த ஒப்பந்தக்காரர் சுபாஷ் கரையோரக் கோரையைப் பிடுங்கச் சொன்னபோது, அரிவாளைக் கீழே போட்டாள்.

"தட்டான் முட்டை வுடுற எடம் சார் இது. கொசுவத் திங்குறதே அதுதான். அது போச்சுன்னா கொசுவுக்கு யாரு பதில் சொல்றது?"

"பூச்சிக்கெல்லாம் பாவம் பார்த்தா வேலை நடக்குமா?" என்று சிரித்த சுபாஷ் ஜேசிபியை இறக்கினார். கரை மொட்டையானது. இயற்கையைப் போற்றுகிறாராம், குட்டை வாசலில் ஆளுயரத் தட்டான் சிலை வேறு.

திறப்பு விழாவில் கைதட்டப் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். "எப்படிம்மா இருக்கு?" என்றார் சுபாஷ் பெருமையாக.

வைஜெயந்தி சிலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "தட்டானுக்கு நாலு ரெக்கை சார். ரெண்டுதான் வச்சிருக்கீங்க. உசுரோட இருந்தத ஒரு நாளாவது பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் அலட்சியமாக மடுகரைக்கு நாற்று நடப் போனாள்.

ஐப்பசி மழைக்குப்பின் கொசுக்கடி தாங்காமல் ஊரே மனு கொடுத்தது. மீண்டும் கோரை நட உத்தரவு வந்ததும் சுபாஷ் அவளுக்கு ஆள் அனுப்பினார்.

"வரேன். மொதல்ல அந்த ஆளு எறங்கட்டும்" என்றாள்.

சுபாஷ் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். அவர் குனிந்து நட்டதை வைஜெயந்தி கரையில் நின்று உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள்.

"தலைகீழா நட்டிருக்கீங்க சார்."