முன் சீட்ட நான் விட்டுக் கொடுக்கல

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச என் மக எழுதுறா. அவ மாமனாரப் பத்தித்தான் பேசப் போறேன்னு தெரிஞ்சும் எழுதுறா பாருங்க, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். கோவம் மட்டும் இன்னும் அடங்கல. அத மொதல்லயே சொல்லிப்புடுறேன்.

ஷாதிப்பூர்ல மகளும் மாப்பிள்ளையும் இருக்கிற வீட்டுலதான் நானும் இருக்கேன். மாடியில சம்பந்தி, மாப்பிள்ளையோட அப்பா. அவங்கல்லாம் வெள்ளக்காரன் காலத்துலயே இந்தத் தீவுக்கு வந்த குடும்பம். வீட்டுக்குள்ளயே பாதி இந்திதான். நாங்க சிலோன் தோட்டத்துல இருந்து கச்சால் தீவுக்கு வந்து ரப்பர் பால் வெட்டினவங்க. எங்களுக்கு வண்டின்னா தோட்டத்து லாரிதான். முன்னால டிரைவரும் மேஸ்திரியும் காலாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, நாங்க பின்னால ஆடு மாதிரி நின்னுக்கிட்டுப் போவோம். மழை பேஞ்சா நனையிறது நாங்க, தும்முறது மேஸ்திரி. முன்னால உக்காந்தாத்தான் மரியாதங்கிற நெனப்பு மனுசனுக்கு அப்படித்தான் வந்திருக்கும். சரி, கதைக்கு வாரேன்.

மாப்பிள்ள ஒரு கார் வாங்கினாரு. மெயின்லேண்டுல ஆரோ ஓட்டின பழைய காரு, கப்பல்ல வந்து எறங்குச்சு. பூச போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினதும், சம்பந்தி முன்கதவத் தொறந்து ஏறி உக்காந்து என் பேரனத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு. அப்ப அவனுக்கு நாலு வயசு.

"என் ராஜா எப்பவும் முன்னாலதான் வருவான்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், எனக்கு என்னா தெரியும் அப்ப.

அதுவே வழக்கமாப் போச்சு. ஒருநாள் ஏர்போர்ட்டுக்கு ஆளக் கூப்பிடப் போனோம். பத்துபஸ்தி கிட்ட ஒரு மாடு குறுக்க வந்துருச்சு. மாப்பிள்ள வேகமாக் கூடப் போகல, பிரேக்க ஒரு மிதி மிதிச்சாரு, அவ்வளவுதான். சம்பந்தி கையில இருந்த புள்ள நழுவிப் போயி முன்னால இருக்கிற டேஷ்போர்டுல நெத்திய மோதிக்கிட்டான். ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன்னு அவரு இன்னிக்கும் சொல்றாரு. புடிச்சிருந்தாருதான், நான் பின்னால இருந்து பாத்தேன். ஆனா வண்டி டக்குனு நிக்கயில எந்தக் கையாலயும் புடிச்சு நிறுத்த ஏலாதுங்க. நெத்தியில தையல் போடயில அது கத்துன கத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

அதுக்கு அவங்க என்னா பண்ணாங்க தெரியுமா? திருஷ்டின்னாங்க! பழைய வண்டி, ஆரு கண்ணு பட்டுச்சோன்னாங்க. பூசணிக்கா உடச்சாங்க. வண்டிக்கு முன்னால எலுமிச்சம்பழமும் பச்ச மொளகாயும் கோத்துக் கட்டினாங்க. கட்டி முடிச்சிட்டு, நெத்தியில பிளாஸ்திரியோட இருந்த புள்ளையத் தூக்கி மறுபடி அதே முன் சீட்டுல, அதே மடியில! எலுமிச்சம்பழமா வந்து புள்ளையப் புடிக்கும்?

மக அடுப்படியில வந்து அழுதா. போன்ல படிச்சிருக்கா. டேஷ்போர்டுக்கு உள்ள ஒரு பை மடிச்சு வச்சிருக்கானாம், ஏர்பேக். வண்டி மோதினா அது வெடிச்சு விரியுமாம். பெரியாளுக்கு அது காப்பாத்துற பை, சின்னப் புள்ளைக்கு மூஞ்சியில விழுற அடி, உசுரே போயிருமாம். மடியில வச்சு ஒரே பெல்ட்டப் போட்டா, பெரியவங்க எடை முழுக்கப் புள்ள மேல எறங்கி நசுக்குமாம். பன்னெண்டு வயசு தாண்டுற வரைக்கும் பின்னாலதான் உக்காரணுமாம். அதுவும் சும்மா இல்ல, சின்னப் புள்ளைக்குன்னு தனி சீட்டு இருக்காம், அதுல உக்கார வச்சுக் கட்டணுமாம்.

"இத உன் மாமனார்கிட்ட சொல்லேன்டி."

"மாமாகிட்ட நான் எப்படிம்மா சொல்றது?"

சம்பந்தி மேல வந்தத விட இவ மேல எனக்குக் கோவம் வந்துச்சு. புள்ள நெத்தி கிழிஞ்சு கெடக்கு, இவளுக்கு மரியாத! ம், எழுதுடி, இதையும் எழுது. மாப்பிள்ளையும் சளச்சவரு இல்ல. அப்பா சந்தோசமா இருக்காரு அத்தேன்னு சொல்லிட்டு நழுவிருவாரு.

அந்தச் சீட்ட வாங்கலாம்னு போன்ல பாத்தா, இந்த ஊருக்கு டெலிவரி இல்லன்னு வருது. எங்களுக்கு எதுதான் டெலிவரி ஆவுது! கடைசியில சென்னையில இருக்கிற சொந்தக்காரப் பொண்ணு வாங்கி வச்சா. அத எடுத்துக்கிட்டு இங்க வர அவ ஏற வேண்டிய கப்பல், கடல் சரியில்லன்னு தள்ளித் தள்ளிப் போவுது. அதுவரைக்கும் புள்ள மடியிலேயா?

நான் ஒரு வேல பண்ணேன். வண்டி கெளம்பப் போவுதுன்னா நான் மொத ஆளா ஓடிப்போயி முன் சீட்டுல ஏறிக்குவேன். "பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வருது சம்பந்தி"ம்பேன். முந்தானைய வாயில வச்சுக்குவேன். வயசான பொம்பளைய எறங்குன்னு சொல்ல முடியுமா? மக பின்னால புள்ளைக்கு அங்கன உள்ள பெல்ட்டப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்குவா. சும்மா சொல்லக் கூடாது, முன் சீட்டு நல்லா வசதியாத்தான் இருந்துச்சு. கடலெல்லாம் தெரியும்.

சம்பந்தி லேசுப்பட்டவரா? ஒருநாள் கேட்டே புட்டாரு.

"நீங்க ஒருநாளும் வாந்தி எடுத்து நான் பாக்கலயே?"

"எடுக்கட்டுமா? உங்க வேட்டி மேலயா, கீழயா?"

அன்னிக்கு மாப்பிள்ள வண்டிய ஓரம் கட்டிட்டுச் சிரிச்சாரு.

அப்புறம் கப்பல் வந்து, சீட்டும் வந்துச்சு. பின்னால கட்டி வச்சாச்சு. மறுநாள் சௌல்தாரியில சம்பந்தியோட தங்கச்சி வீட்டுல காதுகுத்து. நான் சேலையக் கட்டிட்டு வெளிய வாரேன், மனுசன் எனக்கு முந்தி ஏறிட்டாரு. மடியில பேரன். புதுச் சீட்டு பின்னால சும்மா கெடக்கு, அதுல சீர்த்தட்ட வச்சிருக்காங்க!

"புள்ளைய எறக்குங்க அண்ணே."

"அரே, குச் நஹி ஹோதா, ஒண்ணும் ஆகாது சம்பந்தி. பக்கத்துல இருக்கிற சௌல்தாரிக்கு இவ்வளவு அலட்டலா?"

"புள்ள நெத்தி கிழிஞ்ச பத்துபஸ்தி அதவிடப் பக்கம்."

"அந்தக் காலத்துல நாங்கல்லாம் இப்படியா போனோம்? ஒண்ணும் ஆகலயே."

"ஆகாதவங்கதான் உக்காந்து பேசுறோம். ஆனவன் வந்து பேசுவானா?"

அவருக்கு மூஞ்சி செவந்துருச்சு. மாப்பிள்ள செருப்ப மாட்டுற மாதிரி குனிஞ்சவரு நிமிரவே இல்ல. நான் அடுத்த வார்த்த பேசுறதுக்குள்ள மக வந்தா. புருசன் கையில இருந்த சாவிய வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

"மாமா, புள்ளையக் குடுங்க. அவன் பின்னால உக்காந்தாத்தான் வண்டி நகரும்."

"என்னையவே எதுத்துப் பேசுறியா?"

"ஆமா மாமா."

அவ்வளவுதான் சொன்னா. நின்ன எடத்துல இருந்து அசையல. எனக்கு ஓடிப்போயிக் கட்டிப் புடிக்கணும் போல இருந்துச்சு.

"நான் பஸ்ல போறேன்"னாரு.

"சரிங்க மாமா. பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுறோம்."

புள்ளைய வாங்கிட்டா. சீர்த்தட்டு என் மடிக்கு வந்துச்சு. சம்பந்தி எறங்கவும் இல்ல, பஸ்ஸுக்குப் போகவும் இல்ல. முன்னால தனியா உக்காந்து பெல்ட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

பேரன் புதுச் சீட்டுல இருந்து ஒரே அழுக. தாத்தாகிட்ட போகணும், தாத்தாகிட்ட போகணும்னு என் தொடையில ஒதச்சான். ஒதைக்கட்டும்னு விட்டேன். பாதி வழி போயிருப்போம், முன்னால இருந்து சம்பந்தி திரும்பாமலே பேசினாரு.

"டேய், அங்கயே உக்காரு. தாத்தா இங்கதான இருக்கேன்."

புள்ள அழுகைய நிறுத்திட்டான்.

எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இந்த ஒரு வார்த்தைய அந்த நெத்தி கிழியிறதுக்கு முந்திச் சொல்லியிருந்தா என்னவாம்?