சர்வதேச தினத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர்

நான் படித்த பள்ளியின் பெயரில் 'சர்வதேச' என்றொரு சொல் இருந்தது. அதற்கு ஆதாரம் கேட்டால் மாலத்தீவிலிருந்து வந்திருந்த அண்ணன் தம்பி இருவரையும், கைகழுவும் இடத்தில் சிவப்பும் நீலமுமாகப் பொருத்தியிருந்த குழாய்களையும் காட்டுவார்கள். இரண்டு குழாயிலும் வந்தது வெந்நீர்தான். பாளையங்கோட்டை வெயில் தொட்டியைக் காய்ச்சும்போது நிறம் பார்ப்பதில்லை. மற்றபடி நாங்களெல்லாம் மேலப்பாளையம், களக்காடு, கடையநல்லூர்ப் பிள்ளைகள். எங்கள் அப்பாக்கள்தான் சர்வதேசத்தில் இருந்தார்கள். துபாய், தம்மாம், மஸ்கட்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஆறாம் வகுப்பு. மஸ்கட்டில் அப்பாவுக்குக் குடும்ப விசா கிடைத்ததும் அம்மா கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்; நான் விடுதிக்குப் போனேன். உள்ளூர்ப் பாதுகாவலர் என்ற இடத்தில் தாய்மாமா கையெழுத்துப் போட்டார்.

பள்ளி வாசலைத் தாண்டியதும் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று நிற்கும். மேல்பாதி 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்', கீழ்பாதி 'வளாகப் பாதுகாப்பு'. மேலே ஒரு நிகழ்ச்சி ஏறினால் கீழே நான்கு விதி ஏறும். ஏற்றுகிறவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர். அவர் முகங்களைப் பார்ப்பதில்லை. அட்டையைப் பார்ப்பார், கையெழுத்தைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அவனுடைய அண்ணன் மதில்மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு மேலாகப் பரோட்டாப் பொட்டலம் வீசியதற்கு, மறுநாளே பையனைப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியாளை வரவழைக்கும் மாணவர் பள்ளியிலிருந்து நீக்கப்படுவார் என்பது பலகையில் சிவப்பு மையில் இருந்த ஒரே வரி.

பிற்பாடு நானே விமான நிலைய வாசல்களில் இருபது ஆண்டு சீருடையோடு நின்று, விருப்ப ஓய்வு வாங்கி வந்தவள். அந்தத் தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், சுபேதார் சாரின் விதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

அந்த ஆண்டு பலகையின் மேல்பாதியில் 'சர்வதேச தினம்' ஏறியது. மெட்ராஸிலிருந்து ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி தலைமை விருந்தினர். அவருக்கு ஒழிந்த நாள் விஜயதசமி. உள்ளூர் விடுமுறைகளைச் சர்வதேசப் பள்ளி பொருட்படுத்தாது என்று பிரின்சிபால் அறிவித்தார். மாவட்டத்தில் அங்கங்கே பஸ் மீது கல்லெறிகிற காலம் அது. ஆகவே போலீஸ் பந்தோபஸ்தும் கேட்டிருந்தார்கள். கீழ்பாதி நிரம்பி வழிந்தது. விழா முடியும்வரை பார்வையாளர் கிடையாது. விடுதிப் பிள்ளை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. திருச்செந்தூர் சாலையில் இருந்த பள்ளி என்பதால் கடைசியாக இன்னொன்றும் சேர்ந்தது: காளி, குறத்தி, கரடி, குரங்கு, பிச்சைக்காரர் ஆகிய தசரா வேடதாரிகளுக்கு அனுமதி இல்லை.

எங்கள் பக்கத்தில் கொலசை என்று சொல்லும் குலசேகரப்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் நவராத்திரியில் காப்புக் கட்டி, விரதமிருந்து, வேடம் போட்டு, தட்டேந்தித் தர்மம் எடுப்பார்கள். கார் வைத்திருப்பவரும் தட்டேந்தியாக வேண்டும். தசமியன்று இரவு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, சூரசம்காரம் பார்த்து, அதன் பிறகுதான் வேடம் இறங்கும். நடுவில் கழற்றினால் நேர்த்தி முறிந்தது.

எனக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையை விரித்தபோது, மாமா அங்கே வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டாராம்: பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் போலீஸ் வேடம் போட்டு வருவேன், தர்மம் அவள் கையால் வாங்குவேன் என்று. இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் உடுப்பில் மாமா வந்து தட்டை நீட்டுவதும், நான் ஓடிப்போய் எட்டணா போடுவதும் எனக்குத் தீபாவளிக்கு முன்னால் வரும் ஒரு விளையாட்டு.

மாமா தட்டேந்துகிற ஆள் இல்லை. டவுனில் பெயிண்ட் கடை. கஞ்சி போட்ட சட்டை, புல்லட், மூக்கின் மேல் கோபம். ஒருமுறை ஜங்ஷனில் ஒரு கண்டக்டர் தோளைப் பிடித்துத் தள்ளினான் என்பதற்காக பஸ்சுக்கு முன்னால் போய் நின்று, அவன் மன்னிப்புக் கேட்கிறவரை நகர விடவில்லை. அவர்மேல் ஒருவன் கைவைத்து வீடு திரும்ப முடியாது என்பது எங்கள் குடும்பத்தின் பெருமைகளில் ஒன்று.

மூன்றாம் வருடம் நான் பூட்டிய வாசலுக்கு உள்ளே இருந்தேன். தசமிக்கு இரண்டு நாள் முன்பு மாமாவுக்காகப் பேச அத்தை வந்தாள். விடுதி வார்டன் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வாசலின் சின்னக் கதவுக்குப் போனார். சுபேதார் சார் மைதானத்தில் காவலாளிகளுக்கு அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் போதும்மா," என்றாள் அத்தை கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. "அவுக ரோட்டுலயே நிப்பாக. புள்ள வாசல்ல நின்னு தட்டுல போட்டுட்டு உள்ள போயிரட்டும்."

"விழா முடியட்டும்மா."

"விழா முடிய சாயந்தரம் ஆயிரும்லா. கூட்டத்துல அப்புறம் கொலசைக்கு எப்படிப் போய்ச் சேர? இது கடைசி வருசம். நேர்த்தி கொறபட்டா புள்ளைக்குத்தான ஆவாது!"

வார்டன் அம்மா, காசைத் தானே வாங்கிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். கை மாறக் கூடாது என்றாள் அத்தை. அப்புறம்தான் வார்டன் அம்மாவுக்கே நினைவு வந்தது, விடுதிப் பிள்ளைகள் கையில் காசு வைத்திருப்பதும் விதிமீறல். பேச்சு அதோடு முடிந்தது. போகும்போது அத்தை என்னிடம், "பயப்படாத ட்டி, மாமா எப்படியும் வந்துருவாக," என்றாள். அதுவரை எனக்குப் பயமில்லை. 'புள்ளைக்குத்தான ஆவாது' என்றால் என்ன ஆகும் என்று அதன் பிறகுதான் யோசித்தேன்.

விழா நாளன்று காலை முதல் மேளம் கட்டிய தசரா வேன்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே நாங்களும் வேடத்தில்தான் இருந்தோம். ஆனால் அது சர்வதேச வேடம். நான் ஜப்பான். வார்டன் அம்மாவின் பூப்போட்ட நைட்டி, கொண்டையில் இரண்டு ஸ்வெட்டர் ஊசி, முகத்தில் ஒரு டப்பா பவுடர். விருந்தினரை வரவேற்க வாசலிலிருந்து மேடைவரை இரு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவர் கையில் கொடுக்க ஆளுக்கொரு சாக்லேட்.

அப்போது புல்லட் சத்தம் கேட்டது.

காக்கி உடுப்பு, தோளில் மும்மூன்று நட்சத்திரம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மை தீட்டி முறுக்கிய மீசை, கக்கத்தில் லத்தி. சுபேதார் சார் குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். பெரிய கதவு இரண்டு பக்கமும் திறந்தது. அட்டை கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை, கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் எழுதிய வேடங்களில் போலீஸ் இல்லை. மாமா ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

சீருடையைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பது வாசல் காவலின் முதல் பாடம். மாமாவின் நெஞ்சில் பெயர்ப்பட்டை இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. காலில் செருப்புக்கூட இல்லை. நான் அந்தக் கால்களைத்தான் முதலில் பார்த்தேன்.

பிரின்சிபால் ரோஜாவோடு ஓடிவந்தார். மாமா அவரைத் தாண்டி வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அமெரிக்கா, ஜெர்மனி, எகிப்து. ஜப்பானுக்கு முன்னால் நின்றார். சட்டைக்குள்ளிருந்து தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"தாயே, முத்தாரம்மனுக்குத் தர்மம் போடுங்க."

எகிப்து களுக்கென்று சிரித்தாள். என்னிடம் காசு இல்லை. மாமா மிகப் பைய, "கையில இருக்கத போடுட்டி," என்றார். விருந்தினருக்கான சாக்லேட்டைப் போட்டேன். தட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டு மாமா தலையைக் குனிந்தார்.

அவர் தலை நிமிர்வதற்குள், விருந்தினருக்கு முன்னோடியாக வந்த போலீஸ் ஜீப் உள்ளே நுழைந்துவிட்டது. அதிலிருந்து குதித்த சப்-இன்ஸ்பெக்டர் மூன்று நட்சத்திரத்தைக் கண்டதும் சல்யூட் அடித்தார். கை இறங்கும்போது கண்ணும் இறங்கியது. தட்டு, காப்பு, வெறுங்கால். இறங்கிய அதே கை திரும்ப எழுந்து மாமாவின் கன்னத்தில் அறைந்தது.

கறுப்புக் கண்ணாடி பறந்து என் காலடியில் விழுந்தது. அவ்வளவு பெரிய சத்தம் ஒரு மனித முகத்திலிருந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதுகுழலை வாயில் வைத்தபடியே நின்றார்கள். இப்போது மாமா திருப்பி அடிப்பார் என்று காத்திருந்தேன். சப்-இன்ஸ்பெக்டரை நினைத்துக்கூடக் கொஞ்சம் பயந்தேன். மாமா அடிக்கவில்லை. தட்டிலிருந்த சாக்லேட் கீழே விழாமல் மற்றொரு கையால் மூடிக்கொண்டார்.

"யாருலே நீ? எவம்லே ஒன்ன உள்ள விட்டது?"

எவன் விட்டது என்பதுதான் பிரச்சினை. சுபேதார் சாரின் முகம் செங்கல் நிறமாயிற்று. மாமாவின் லத்தியையே பிடுங்கி முழங்காலில் ஓர் அடி கொடுத்தார். "இங்கே படிக்கிற எந்தப் பிள்ளைக்கு நீ வேண்டியவன்? சொல்லு!"

"யாருமில்ல சார். தர்மம் எடுக்க வந்தேன். கதவு தொறந்துச்சு, நொழைஞ்சிட்டேன்."

சுபேதார் சார் எங்கள் வரிசையின் பக்கம் திரும்பினார். "இவனை யாருக்காவது தெரியுமா?"

வார்டன் அம்மா வானத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா என்னைப் பார்த்தார். வழியில் போகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல அப்படி ஒரு பார்வை. "இந்தப் புள்ளைட்டதான் தர்மம் வாங்கினேன் சார். யாரோ எவரோ. அது பயந்துபோயிருக்கு, அத விடுங்க," என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"சட்டையக் கழத்துலே," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் நான் அதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன். மாமா கும்பிட்டார். "சார், எத்தன அடி வேணும்னாலும் அடிங்க, வாங்கிக்கிடுதேன். வேசத்த மட்டும் கழத்தச் சொல்லாதீங்க. ராத்திரி கோயில்ல எறக்கிருதேன்."

"கொலசைக்கா?"

"ஆமா சார்."

"எத்தனாவது வருசம்?"

"மூணு. இதோட முடியுது."

சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் காப்பையே பார்த்தார். பிறகு தொப்பியைப் பறித்தார், இரண்டு தோளிலும் நட்சத்திரங்களைப் பிய்த்தார், உடுப்பை விட்டுவிட்டார். "இன்னைக்கு நீ ஏட்டு. ஏறுலே ஜீப்புல," என்றார். நட்சத்திரம் போனதும் மாமா எங்கள் பள்ளிக் காவலாளியைப் போலவே இருந்தார்.

ஜீப் அவரைச் சாலையில் இறக்கிவிட்டுத் திரும்பியதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அரசு ஊழியராக ஆள்மாறாட்டம், அத்துமீறி நுழைதல் என்று இரண்டு பிரிவு தாராளமாகப் பொருந்தும். வழக்கு எழுதவில்லை. எழுதினால் மாமாவுக்கு சல்யூட் அடித்தது யார் யார் என்றும் எழுத வேண்டியிருக்கும். அதில் ஒருவர் எழுதுகிறவர். விருந்தினர் வந்தார், பாண்டு முழங்கியது, ஜப்பானிடம் மட்டும் சாக்லேட் இல்லாததை அவர் கவனிக்கவில்லை.

எல்லோரும் நினைப்பார்கள், அன்றைக்கு என்னை உலுக்கியது அந்த அறைதான் என்று. அறையை இரண்டு நாளில் ஒருவாறு கடந்துவிட்டேன். கடக்க முடியாதது 'யாரோ எவரோ'. முகத்தில் அவ்வளவு பவுடர். மாமாவுக்கு உண்மையிலேயே என்னை அடையாளம் தெரியவில்லை என்று முடிவுசெய்தேன். கையில் இருக்கிறதைப் போடச் சொன்னதும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லக்கூடியதுதானே? அப்படியென்றால் அவர் வாங்கியது யாரோ ஒரு ஜப்பான் பெண்ணின் தர்மம். நேர்த்தி முடியவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததையும் காய்ச்சலின் தொடக்கமாக எடுத்துக்கொண்டேன்.

பார்வையாளர் நேரம் திரும்ப வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கஞ்சி போட்ட சட்டை, மழித்த மீசை, கன்னத்தில் ஓரமாக ஒரு கருநீலம், ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து நடை. பாதுகாவலர் அட்டையை நீட்டினார். சுபேதார் சார் முதல்முறையாக அட்டைக்கு மேலே ஒரு முகத்தைப் பார்த்தார். அட்டை, முகம், அட்டை, முகம். வெகுநேரம். அட்டை சரியாக இருந்தது. உள்ளே விட்டார். பின்னாலேயே வந்தார்.

நான் மாமாவிடம் ஓடிப்போய் மூச்சு வாங்கக் கேட்டேன்: "அன்னைக்கு சாக்லேட் போட்டது நாந்தான்னு ஒங்களுக்குத் தெரியும்லா மாமா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தார்.

"எந்தச் சாக்லேட் மருமவளே?" என்றார் சிரித்த முகமாக. "நான் அன்னைக்குக் கடைய விட்டு அசையலயே."

நான் ஓவென்று அழுதேன். அவர் எவ்வளவோ சமாதானம் சொல்லியும் நிற்கவில்லை. எதற்கு அழுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்; செத்துப்போகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நேரம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாய்ந்து சாய்ந்து வாசலைத் தாண்டிப் போனார்.

அவ்வளவு நேரமும் எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், சுபேதார் சார் நின்றுகொண்டிருந்தார். பார்த்தேன்தான். அவர் அங்கே நின்றதற்கும் மாமா அப்படிச் சொன்னதற்கும் ஏதோ தொடர்பு இருக்கக்கூடும் என்பதுதான் எனக்குத் தோன்றவே இல்லை.