பத்தாவது பூச்சி

அந்த நோட்டின் பக்கத்தைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டு எடுத்தால், இரண்டாவது பக்கத்துக்குள் வாய் உப்புக் கரிக்கும். மரக்காணத்து உப்பளக் காற்றில் மூன்று கோடைகள் கிடந்த தாள் அது. வெயிலில் அப்பளம்போல் மொறுமொறுக்கும், மழைக்காலத்தில் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தையல் மடிப்பில் விரலை ஓட்டினால் பொடிப்பொடியாக உப்பு நெருடும்.

முதலில் அது என் அக்கா லூர்துவின் அறிவியல் ரெக்கார்டு நோட்டு. ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தி அம்மா தன்னோடு உப்பு வாரக் கூட்டிப்போனபோது, பத்துப் பக்கம்கூட நிரம்பாத அந்த நோட்டு எனக்கு வந்தது. ஒரு பக்கம் கோடு போட்ட தாள், எதிர்ப்பக்கம் வெறுந்தாள். அட்டையில் அக்காவின் பெயர் இருந்த இடத்தில் சோற்றுப் பருக்கையை நசுக்கி வேறு தாளை ஒட்டி ‘ஜெசிந்தா, ஆறாம் வகுப்பு’ என்று எழுதினேன். பாவாடையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை அக்காவிடமிருந்து இறங்கி வந்தவற்றையே வைத்திருந்த எனக்கு, என் பெயர் எழுதிய முதல் பொருள் அதுதான்.

கோடை விடுமுறையில் அம்மாவும் அக்காவும் பாத்தியில் இறங்கிவிட்டால், சோற்றுத் தூக்குக்குக் காவலாக வரப்போரம் சாக்குப் படுதா நிழலில் உட்கார்ந்திருப்பது என் வேலை. உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டியதை எல்லாம் வரைந்தேன். கடல்தண்ணீர் வந்து சேரும் முதல் பாத்திகளின் ஓரத்தில் கரும்பொட்டுகளாய் மொய்க்கும் உப்பு ஈக்கள், நட்டு வைத்த கழியின் நுனிக்குத் திரும்பத் திரும்ப வரும் தட்டான், காய்ந்த சேற்றில் நிற்காமல் ஓடி என் பென்சிலை ஏமாற்றிய ஒரு வண்டு (அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பஸ் புடிக்கிற வண்டு’), பனையடி மணலில் குழி பறித்துக் காத்திருக்கும் ‘குழியானை’, முதல் மழைக்குச் சிவப்பு வெல்வெட் போர்த்திக்கொண்டு கிளம்பும் ‘பட்டுப்பூச்சி’. எதையும் கொல்ல மாட்டேன். தீப்பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். விடுமுன் கால்களை எண்ணுவேன். பட்டுப்பூச்சிக்கு எட்டுக் கால் இருந்தது, மூன்று தடவை எண்ணிப் பார்த்துத்தான் ‘எட்டு’ என்று கோடு போட்ட பக்கத்தில் எழுதினேன்.

இதைப் படித்துவிட்டு நான் ஏதோ இளகிய மனசுக்காரக் குழந்தை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கங்கள் எதிரிகளுக்கானவை. அம்மாவைப் பலர் முன்னால் ‘சோம்பேறி’ என்ற மேஸ்திரி அங்கே தலையில் துண்டு கட்டிய சாணி வண்டாக உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனார். குழாயடியில் எங்கள் குடத்தை நகர்த்தி வைத்த பக்கத்துத் தெருக்காரி, மூக்குத்தி போட்ட மூட்டைப்பூச்சியானாள். ஒருநாள் அம்மா அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “தேளுக்குக் கொடுக்குல வெசம், எம் பொண்ணுக்குப் பென்சில் முனையில வெசம்” என்றவள், மேஸ்திரியின் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் தந்தாள்.

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் பிரமிளா டீச்சர். பாண்டிச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வகுப்புக்குள் நுழைந்ததும் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோவார். உப்பளத்துப் பிள்ளைகளிடம் வீச்சம் அடிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, கைக்குட்டையே சொல்லிவிடும். பூச்சிப் பாடம் நடந்த அன்று என் தோழி ஒருத்தி பெருமையாக எழுந்து, ஜெசிந்தா நோட்டு நிறைய பூச்சி வரைந்து வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார். கைக்குட்டை கீழே இறங்கிற்று. “நல்லா இருக்குதே! இருக்கட்டும், பாத்துட்டுத் தர்றேன்” என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நோட்டு திரும்பி வந்தபோது இலேசாக இருந்தது. நடுவே ஒன்பது தாள்கள் இல்லை. தையலை ஒட்டி பிளேடால் ஒழுங்காக அறுத்தெடுத்திருந்தது. கேட்டபோது, “கிழிஞ்சிருந்துச்சும்மா, நான் என்ன பண்றது?” என்றார். கிழிந்த தாளுக்கு விளிம்பு அவ்வளவு நேராக இருக்காது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆண்டு விழாவில் ஒன்பதையும் பார்த்தேன். ஒரே அட்டையில் மூன்று வரிசையாக ஒட்டி, மேலே ‘உப்பளப் பூச்சிகள்’ என்று தலைப்பிட்டு, கீழே மைதாப் பசையால் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் ‘ஆய்வும் ஓவியமும்: பிரமிளா, பி.எஸ்சி., பி.எட்.’ என்று எழுதியிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி அதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். தலைமையாசிரியர் அந்த அட்டைக்கு மரச்சட்டமும் கண்ணாடியும் போடுவதாக மைக்கிலேயே அறிவித்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பட்டுப்பூச்சிக்கு ஆறே கால்கள் இருந்தன. பூச்சிக்கு ஆறு கால் என்று பாடப் புத்தகம் சொல்கிறதல்லவா, பட்டுப்பூச்சி சிலந்தி இனம் என்பது தெரியாமல் மிச்சம் இரண்டையும் பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார். பெயரைத் திருடியதை ஒருவேளை என்றாவது மன்னித்திருப்பேன். அந்த இரண்டு கால்களை அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை.

அம்மாவிடம் போய் அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “வுட்டுடுடி. டீச்சர்கூட மல்லுக்கு நின்னா உன்னைத்தான் பெயில் பண்ணுவாங்க. பெயிலானா நீயும் எங்கூடப் பாத்திக்குத்தான் வரணும்” என்றாள். பக்கத்தில் அக்கா வெடித்த பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதத்தைப் பார்த்தபின் எனக்கு வாய் திறக்க வழியில்லை. ஆனால் ஆறின சோறு பழைய சோறாகுமே தவிர வீணாகாது, கோபமும் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அடுத்த தை பிறந்ததும் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆவணியில் வரும் மாதா திருவிழாவுக்குப் பங்குக் கோவில் மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம், சட்டத்தின் மூலையில் ஒரு படத்துக்கு இடம் இருக்கிறதாம். “புதுசா ஏதாச்சும் வரைஞ்சிருக்கியா? யாரும் பாக்காத பூச்சியா இருந்தா நல்லாருக்கும்” என்றார். முகத்தில் கூச்சம் கொஞ்சமும் இல்லை. பார்க்கிறேன் டீச்சர் என்று பணிவாகச் சொன்னேன், வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

உப்பளம் தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடல்தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக நகர்ந்து வெயிலில் சுண்டிச் சுண்டிக் கடைசிப் பாத்திக்கு வரும்போது, கணுக்கால்கூட நனையாத அளவுக்குத்தான் நிற்கும். அதில்தான் உப்பு பூக்கும். அந்தத் தண்ணீரில் ஓர் உயிரும் தங்காது. முதல் பாத்திகளில் மொய்க்கும் ஈகூட அங்கே எட்டிப் பார்க்காது. ‘ஈ வுட்டுப்போச்சுன்னா தண்ணி பழுத்துடுச்சு’ என்பது பாத்தியில் இறங்கும் எல்லாரும் சொல்லும் பேச்சு. எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லை. வரப்பில் ஒருநாளும் செருப்பு நனையாத பிரமிளா டீச்சருக்கு அது தெரிய வழியே இல்லை.

அந்தக் கோடை முழுதும் ஒரே ஒரு பூச்சியை உண்டாக்கினேன். ஈயின் கண், தட்டானின் வால், பொன்வண்டின் முதுகு, அந்த முதுகின் விளிம்பில் வெள்ளையாக உப்பு மணிகள். கால்கள் ஆறு, அவர் எண்ணிப் பார்த்துத் திருப்திப்படட்டும் என்று தடித்த கோட்டில் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக வேறெதையும் வரைந்ததில்லை. எதிர்ப்பக்கத்தில் எழுதினேன்: ‘உப்புப்பூ வண்டு. உப்பு பூக்கும் கடைசிப் பாத்தியின் தண்ணீருக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அங்கேயே நீந்தி வளரும்.’ நோட்டைக் கொடுத்தேன். எதிர்பார்த்தபடி ஒரு தாள் குறைந்து திரும்பி வந்தது.

திருவிழா அன்று கோவிலுக்கு வந்த கூட்டம் பூசை முடிந்து மண்டபத்துக்குள் நுழைந்தது. பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக எங்கள் தெருப் பெண்கள் சட்டத்தின் முன்னால் கூடி நின்றார்கள். டீச்சர் கையில் குச்சியோடு பங்குச்சாமியாருக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்து, பத்தாவதைத் தொட்டார். நான் பஞ்சுமிட்டாயோடு தூண் ஓரம் நின்றிருந்தேன். அம்மாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாரும் செசிலியக்கா படத்தையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன் டீச்சர், இது எந்தப் பாத்தியில இருக்குது?”

“கடைசிப் பாத்தியிலம்மா. உங்களுக்கெல்லாம் கண்ணுல படாது. நானே முட்டி அளவு தண்ணியில நின்னு, நேர்ல பாத்து வரைஞ்சேன்.”

முட்டி அளவு என்பதை நான் எழுதவில்லை. அது அவராகவே போட்டுக்கொண்ட உப்பு.

செசிலியக்கா தன் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தாள். “கடைசிப் பாத்தியில நின்னு நின்னு எங்க கால்ல நகமே நிக்கல டீச்சர், அதுல பூச்சி முட்ட வெக்குதாமே! முட்டி அளவு தண்ணியாம்! நாளைக்கு வாங்க, எங்களுக்கும் காட்டுங்க” என்றாள். சிரிப்பு அவளிடமிருந்து அடுத்தவளுக்கும், அங்கிருந்து வாசலில் நின்ற ஆண்களுக்கும் பரவியது. சாமியார் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, தூணருகே என்னைக் கண்டுபிடித்தார். கைக்குட்டை தானாக முகத்துக்கு ஏறியது. நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மிட்டாயைக் கடைசி இழை வரை தின்றேன். பிற்பாடு கல்யாணம், குழந்தை, சொந்த வீடு எல்லாம் பார்த்துவிட்டேன், அந்த மிட்டாயின் ருசி எதிலும் இல்லை.

அன்று அம்மா எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கவில்லை. வீட்டில் சோறு போடும்போது மட்டும் கேட்டாள்: “அந்தப் பூச்சிய எங்கடி பாத்த?” “எங்கயும் பாக்கலம்மா” என்றேன். என் தட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது.

அதன்பின் டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ‘உப்புப்பூ வண்டு வருது’ என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவர் என்னைப் பெயிலாக்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை, அடுத்த ஆண்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் சட்டம் போயிற்றா? கண்ணாடி போட்ட பொருளைத் தூக்கி எறிய எந்தப் பள்ளிக்கும் மனசு வராது. அது அறிவியல் அறைக்கே திரும்பிப் போய் ஆணியில் தொங்கியது, அவர் பெயரோடு. ஊரே சிரித்தபிறகும் அந்த ஒன்பதும் யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பழி பாதிதான் தீர்ந்திருந்தது.

நான் இப்போது பாண்டிச்சேரியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மயிலும் கும்பமும் வரைந்துகொண்டிருக்கிறேன். போன மாதம் அக்கா போன் செய்தாள். மகள் ஷைனியின் பள்ளியில், நாங்கள் படித்த அதே பள்ளியில், பெற்றோர் கூட்டம், தன்னால் பாத்தியை விட்டு வர முடியாது, நீ போ என்றாள். போனேன். ஷைனி தன் நோட்டைக் காட்டினாள். ‘நம் ஊர் உயிரினங்கள்’ என்ற தலைப்பின் கீழே, வாலும் முதுகும் உப்பு மணியுமாக, உப்புப்பூ வண்டு.

“மத்ததெல்லாம் வரையலியா? தட்டான், குழியானை, பட்டுப்பூச்சி?”

“அதெல்லாம் நான் பாத்ததே இல்ல சித்தி. சயின்ஸ் ரூம் சட்டத்துல இதுதான் சூப்பரா இருந்துச்சு.”

சாலையை அகலப்படுத்தியதில் பனைகள் போயின. குழியானைக்கு மணல் இல்லை. முதல் மழைக்கு வரும் சிவப்பு வெல்வெட்டை நானும் பல வருஷமாகப் பார்க்கவில்லை. இருந்தவை எல்லாம் போய், இல்லாத ஒன்று மட்டும் என் கையாலேயே பிழைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்துப் பிரமிளா டீச்சர் மீதே ஆத்திரம் வந்தது.

அந்தச் சட்டத்தைக் கிட்டே பார்க்க வேண்டும் என்று கேட்டேன், தலைமையாசிரியை அதை ஆணியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு உள்பக்கம், என் தாள்கள் இருந்த இடமெல்லாம் வியர்த்திருந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. உப்பேறிய அந்தத் தாள்களை எந்தப் பூச்சியும் தொடவில்லை. கீழே இருந்த வெள்ளைச் சீட்டை மட்டும், மைதாப் பசை ருசியில், ராமபாணப்பூச்சிகள் அரித்துத் தின்றிருந்தன. ‘எட்.’ என்பது மட்டும் மிச்சம்.

“யார் வரைஞ்சதுன்னே தெரியலம்மா. ரொம்ப பழசு” என்றார் அவர்.

“ஒம்பது நான் வரைஞ்சது, டீச்சர்” என்றேன். பத்தாவதும் என் கைதான், அது பொய் என்றும் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் அதைக் கிழித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், பேனா மட்டும் கொடுங்கள் என்றேன்.

கண்ணாடியை எடுத்ததும் முதலில் பட்டுப்பூச்சிக்கு இரண்டு கால்களையும் திருப்பிக் கொடுத்தேன். பிறகு ஒவ்வொன்றின் கீழும் ‘ஜெசிந்தா, ஆறாம் வகுப்பு’ என்று எழுதினேன், ஒன்பது முறை. பத்தாவதுக்கு வந்ததும் ஷைனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தேன். ‘இப்படி ஒரு பூச்சி இல்லை’ என்று பெரிதாக எழுதினேன். அதன் கீழே, ராமபாணப்பூச்சிகள் இரக்கப்பட்டு அழித்திருந்த பெயரை, ஓர் எழுத்து விடாமல், பட்டங்களோடு, என் கையாலேயே திரும்ப எழுதி வைத்தேன்:

‘முட்டி அளவு தண்ணீரில் நின்று நேரில் கண்டவர்: பிரமிளா, பி.எஸ்சி., பி.எட்.’