முப்பத்தாறு குரங்கு

டண்டினொங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையைக் கூட்டித் துடைப்பவர் யோகேஸ்வரன். வவுனியாவிலிருந்து படகில் அகதியாக வந்து பன்னிரண்டு வருடம். கையில் இருப்பதோ வேலை செய்ய அனுமதியில்லாத விசா. சம்பளம் கைக்காசாக வரும். தன் பெயர் எந்தத் தாளிலும் ஏறக்கூடாது என்பதில் மனுசன் சரியான பிடிவாதம்.

அவருடைய இங்கிலிஷ் முழுக்க டெக்லன் என்ற ஐரிஷ்காரக் கிழவர் போட்ட பிச்சை. டெக்லனுக்கு டொலர் என்றால் க்விட். இருபத்தைந்து ஒரு போனி, அதாவது மட்டக்குதிரை. ஐந்நூறு ஒரு மங்கி, குரங்கேதான்! இங்கே பிறந்த பொடியளுக்கே விளங்காத அந்தக் காலத்துச் சொற்கள். யோகேஸ்வரன் அவற்றை வவுனியா வரைக்கும் கொண்டுபோய்விட்டார். இதய வால்வு பழுதாகி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனைவி நாகேஸ்வரி போனில் கேட்பாள்.

"இஞ்சேருங்கோ, ஒப்பரேசனுக்கு எத்தினை குரங்கு பிடிச்சிட்டியள்?"

"பத்து. இன்னும் இருபது வேணும். பொறுத்துக்கொள்ளும்."

தொழிற்சாலையில் கிழமைக்கு ஆளுக்கு ஐந்து டொலர் போட்டுக் கூட்டாக லொட்டோச் சீட்டு எடுப்பார்கள். யோகேஸ்வரனின் ஐந்தையும் டெக்லன் தன் பெயரிலேயே போடுவார். பட்டியலில் டெக்லனுக்கு இரண்டு பங்கு. விசயம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வியாழன் டெக்லன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமை லொட்டோ விழுந்தது. பங்குக்குப் பதினெட்டாயிரம். முப்பத்தாறு குரங்கு!

டெக்லனின் மகன் நல்ல பிள்ளை. சாப்பாட்டு அறைக்கே வந்து, அப்பாவின் இரண்டு பங்கில் ஒன்று வேறு யாருடையதாவது என்றால் சொல்லுங்கள், பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டால் தந்துவிடுகிறேன் என்றான். மனேஜர் பேனாவோடு நின்றார். யோகேஸ்வரன் கணக்குப் போட்டார். பெயர் ஏறினால் வேலை செய்தது தெரிந்துவிடும், பிடித்து அனுப்பிவிடுவார்கள். தும்புத்தடியை எடுத்துத் தரையைக் கூட்டத் தொடங்கினார். அட பாவி மனுசா, வாயைத் திறந்திருக்கலாமே! திறக்கவில்லை.

ஏழு கிழமையில் நாகேஸ்வரி செத்துப்போனாள்.

செத்தவீட்டுக்குப் போய்வர வழி உண்டா என்று சட்டத்தரணி சஜிதாவிடம் போனார். போனால் திரும்பி வரமுடியாது என்றாள் அவள். அழுத அழுகையில் லொட்டோக் கதையும் வெளியே வந்துவிட்டது.

"அண்ணை, கூட்டாளியோட சேர்ந்து லொட்டோ எடுக்கிறது வேலை இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதுக்காக ஒருத்தரும் உங்களைப் பிடிச்சு அனுப்பியிருக்கமாட்டினம்."

யோகேஸ்வரன் கதிரையை விட்டு எழும்பினார்.

"இதை ஏன் பிள்ளை எனக்குச் சொன்னனீங்கள்?" என்றார்.