எந்த வடிவு?

லொங்குய்ய் நகரத்து ஆற்றின் கரையோரம் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது. சென்னைக்காரியான நான் இவ்வளவு குளிர்ந்த நீரில் முதன்முறையாக முக்குளிக்கப் போகிறேன். கையுறைக்குள் தண்ணீர் புகுந்தால் விரல்கள் மரத்துப்போகும். பிறகு காற்று உருளையின் எந்த வால்வையும் திருக முடியாது.

"கையுறையை வடிவாப் பாத்தனீங்களோ?" என்கிறார், என்னோடு இறங்கப்போகும் யாழ்ப்பாணத்துச் சாந்தி அக்கா.

"அழகாத்தான் இருக்குக்கா. நீலக் கலர்னுதான் வாங்கினேன்."

"ஐயோ, வடிவா எண்டா கவனமா!"

கையுறையோடு என் கையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அமுக்குகிறார். கையுறையை உடையோடு இணைக்கும் மணிக்கட்டு வளையத்திலிருந்து குமிழ்கள் கிளம்புகின்றன. வளையத்தைக் கழற்றுகிறார். உள்ளே போட்ட கம்பளிக் கையுறையின் ஒற்றை இழை அதில் சிக்கியிருக்கிறது. அதை உருவியெறிந்து, வளையத்தைப் பூட்டி, மறுபடி அமிழ்த்துகிறார். ஒரு குமிழ்கூட இல்லை.

"வடிவா செஞ்சீங்கக்கா."

"எந்த வடிவு?"

"ரெண்டும்தான்."