வீச்சுப் பாரமும் வெங்காயத் தராசும்

தலை, குழாய், பிடி மூன்றையும் சேர்த்துக் கோல்ஃப் மட்டை பூட்டுவது பொறுமையான தொழில். அதை மானிப்பாயில் இருந்துகொண்டு செய்தால் போகிற வருகிறவரெல்லாம் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். தராசோடு மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

பொதி

லண்டனில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, உடுப்பிட்டிக்கு வந்துவிட்ட டொக்டர் ஒருவர் எட்டு மட்டை கேட்டிருந்தார். அவருக்குப் பிடித்தால் லண்டனில் உள்ள அவருடைய ஐந்து நண்பர்களும் என்னிடமே வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். வெளிநாட்டில் இருந்து வந்த சாமான் பொதியை எடுக்கப் போனேன். மட்டைத் தலை, இரும்புக் குழாய், ஈயத்தூள், பசை எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு பொதிக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விளையாட்டுச் சாமான் எண்டு எழுதிக் கிடக்கு. அண்ணை, உதை இஞ்சை ஆர் விளையாடுறது?"

தராசில் கை வைத்தது யார்?

வீச்சுப் பாரம் என்பது மட்டையை வீசும்போது தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு. மொத்த எடை வேறு, இது வேறு. மட்டைகளின் நீளம் எப்படி இருந்தாலும் எட்டிலும் இழுவை ஒன்றாக இருக்க வேண்டும். குழாய்க்குள் ஈயத்தூளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு எல்லாவற்றையும் சரிப்படுத்தினேன். மறுநாள் வீச்சுப் பாரத் தராசில் நிறுத்தால் எட்டும் குறைவாகக் காட்டுகிறது! வீட்டில் இருப்பது நானும் மனைவியும்தான். தராசைத் தொட்டாயா என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"உங்கடை தராசைத் தொட எனக்கென்ன விசரே? முந்தி நிறுக்கேக்கை உந்த ரப்பர் பிடி போட்டிருந்தனீங்களோ?"

வெங்காயத் தராசு

பிடி போட்டிருக்கவில்லை; இரவுதான் ஏற்றினேன். பிடி ஏறினால் கைப்பக்கம் பாரம் கூடி, தலையின் இழுவை குறைந்துவிடும். திரும்பவும் சரிசெய்து டொக்டரிடம் கொடுத்தேன். இரண்டாம் நாள் காலையிலேயே எட்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, சுன்னாகம் சந்தையிலை வெங்காயத் தராசிலை வைச்சு நிறுத்தனான். நீட்டு மட்டை பாரம் குறைய, கட்டை மட்டை கூட. நீட்டிலை இருந்த இரும்பை எங்கை ஒளிச்சனீர்?"

எனக்குக் கோபம் வந்தது. பயம் அதைவிடக் கூட வந்தது. நீளம் குறையக் குறையத் தலையைப் பாரமாக்கினால்தான் இழுவை ஒன்றாகும் என்று சொன்னேன். அவர் அசையவில்லை. கண்ணை மூடி வீசிப் பாருங்கள் ஐயா என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். எட்டையும் வீசினார். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"ஓம், எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு. அப்ப எனக்கேன் எட்டு?"

லண்டன் நண்பர்கள் ஐந்து பேரும் டொக்டரை விசாரித்துவிட்டு என்னிடமே சொல்லி அனுப்பினார்கள், ஆளுக்கு ஒரேயொரு மட்டை போதுமென்று.